வாட்டர் ஸ்டோனில் கத்தி தீட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

புதிதாக வாட்டர் ஸ்டோன், அதாவது தண்ணீர் விட்டுக் கத்தி தீட்டும் கல், வாங்குபவர்கள் பெரும்பாலும் அதில் போட்டிருக்கும் எண் பெரிதாக இருக்கிறதா என்றுதான் தேடுகிறார்கள். 1000-ஐ விட 8000-ல் நல்ல கூர் வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் அந்த எண் கல்லிலுள்ள துகள் எவ்வளவு பொடி என்பதைத்தான் சொல்கிறது. எண் கூடக்கூட கல் உலோகத்தை அரைப்பது குறையும், மெருகு கூடும். மழுங்கிய கத்தியை 6000-ல் ஒரு மணி நேரம் தேய்த்தால் பளபளப்புதான் வரும், தக்காளித் தோல் அறுபடாது.

ஜப்பானில் கற்களை மூன்றாகப் பிரிப்பார்கள்: சொரசொரப்பான அராதோ, நடுத்தரமான நகாதோ, மெருகுக்கான ஷியாகேதோ. வீட்டுக்கு முதலில் வேண்டியது நகாதோ வகையில் ஒரு 1000 கல். காய் நறுக்க அதன் கூரே போதும். வாய் (வெட்டும் விளிம்பு) உடைந்த கத்தி இருந்தால் மட்டும் 400 வாங்குங்கள். சாண்ட் பேப்பர் எண்ணோடு இவற்றை ஒப்பிட வேண்டாம், அளவுமுறையே வேறு.

எல்லாக் கல்லையும் தண்ணீரில் ஊறப்போடுவது அடுத்த தவறு. சில கற்களைக் குமிழி வருவது நிற்கும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். ஷாப்டன் நிறுவனத்தின் குரோமாக்கு போன்ற கற்களுக்குத் தண்ணீர் தெளித்தாலே போதும். நானிவா நிறுவனத்தின் சொசேரா மாதிரி, துகள்களை மெக்னீசியா என்ற பொருளால் பிணைத்துச் செய்த கல்லை நெடுநேரம் ஊறவைத்தால் அது இளகிக் கெட்டுவிடும். தேய்க்கும்போது மேலே சேரும் சேற்றையும் அடிக்கடி கழுவித் தள்ளாதீர்கள். உலோகத்தை அரைப்பதில் அந்தச் சேற்றுக்கும் பங்கு உண்டு.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பலரும் ‘பக்கத்துக்கு இருபது தடவை’ என்று எண்ணிக்கொண்டு தேய்த்துவிட்டுக் கத்தியைத் திருப்புகிறார்கள். கூர் வராமல் போவதற்கு முதல் காரணம் இந்த எண்ணிக்கைதான் என்பேன். நாம் பார்க்க வேண்டியது பிசிர். ஒரு பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கல் சரியாக வாய்வரை எட்டியதும், அங்கே மிஞ்சிய உலோகம் மெல்லிய விளிம்பாக மறுபக்கம் மடங்கி நிற்கும். கட்டை விரலை முதுகிலிருந்து வாயை நோக்கிக் குறுக்காக இழுத்தால் அது லேசாகச் சுரண்டும். வாயின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டிவிடாதீர்கள், அறுத்துவிடும்.

பிடியடியிலிருந்து நுனிவரை இடைவெளியில்லாமல் பிசிர் தட்டுப்பட்ட பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். அதற்கு இருபது தடவையும் ஆகலாம், இருநூறும் ஆகலாம். பிடியடியும் நுனியும்தான் விட்டுப்போகும் இடங்கள். மறுபக்கத்திலும் பிசிர் வந்ததும், அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு பக்கம் மாற்றி மாற்றி மெதுவாக இழுத்து அதை நீக்க வேண்டும். பிசிரை நீக்காமல் விட்டால் முதல் நாள் கத்தி பிரமாதமாக வெட்டும். அப்புறம் அந்த விளிம்பு மடிந்து, இரண்டே நாளில் மழுங்கியதுபோல ஆகிவிடும்.

கோணம் ஆடுவதும் கூரைக் கெடுக்கும். 45 மில்லிமீட்டர் அகலமுள்ள கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தால் 15 பாகை கிடைக்கும். 15 மில்லிமீட்டர் தூக்கினால் கிட்டத்தட்ட 20 பாகை. கெட்டியான எஃகில் செய்த ஜப்பானியக் கத்திக்கு முதலாவது, நம் வீட்டு மென்மையான ஸ்டெயின்லெஸ் கத்திக்கு இரண்டாவது பொருந்தும். கை சரியாக நிற்கிறதா என்று அறிய, வாயோரம் மார்க்கர் பேனாவால் பூசிவிட்டு நாலைந்து முறை தேயுங்கள். மை முழுதும் அழிந்தால் கோணம் சரி. மேலே மட்டும் அழிந்து வாயோரம் மிஞ்சினால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும்.

நடுப்பகுதியிலேயே தேய்த்தால் கல் குழிவிடும், குழிந்த கல்லில் கோணம் நிற்காது. கல்மேல் பென்சிலால் கட்டம் போட்டு டைமண்ட் பிளேட்டில் (வைரத்துகள் பதித்த தகடு) தேயுங்கள். இல்லையென்றால் கண்ணாடிமேல் விரித்த வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கோடு முழுதும் மறைந்தால் கல் சமமாகிவிட்டது. வேலை முடிந்ததும் கல்லைக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். என் முதல் கல்லை மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன், குறுக்கே விரிசல் விட்டது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சஷிமிக்காகப் பச்சை மீனை மெல்லிசாக வெட்டும் ஜப்பானிய யனாகிபா போல ஒருபக்கம் மட்டும் சரிவுள்ள கத்திக்கு முறையே வேறு. சரிவுப் பக்கத்தைத்தான் தீட்ட வேண்டும். பின்பக்கத்தைக் கல்லில் தட்டையாகப் படுக்கவைத்துப் பிசிரை மட்டும் எடுங்கள். அங்கேயும் கோணம் கொடுத்துத் தேய்த்தால் கத்தியின் அமைப்பே கெட்டுவிடும்.