எதிரணியைத் திட்டி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மூன்று தம்பிகள் ஒரு பென்டிரைவோடு வந்தார்கள். சட்டமன்றத் தேர்தலுக்காக, எங்கள் வலதுசாரித் தரப்பின் சார்பில், திமுகவை விமர்சித்து எழுதிய நோட்டீஸ்கள், மீம்கள், மேடைப் பேச்சுக் குறிப்புகள் எல்லாம் அதில் இருந்தன. "அண்ணே, ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க" என்றார்கள். பார்த்தேன். பாதிக்கு மேல் 2011இல் நானே எழுதியவைதான். எழுத்துரு மட்டும் புதுசு.

நான் மேடையேறுகிற ஆள் இல்லை. பேசுகிறவர்களுக்கும் நோட்டீஸ் அடிப்பவர்களுக்கும் இருபது வருஷமாக எழுதிக் கொடுக்கிறவன். எழுத்துப்பிழை, வேட்பாளரின் இனிஷியலை மாற்றிப் போடுவது, சின்னத்தை மறப்பது இதெல்லாம் அச்சகத்துக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்ல மாட்டாதவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பெரிய எண்ணைக் கண்டு மயங்குவது

2010 நவம்பரில் 2ஜி அலைக்கற்றை பற்றிய தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது. இழப்பு 1.76 லட்சம் கோடி ரூபாய் என்ற எண் நாடெங்கும் ஓடியது. அதை நோட்டீஸில் எழுத்தால் போட்டால் போதாது என்று 176க்குப் பின்னால் பத்து சைபரையும் வரிசையாக அடுக்கினேன். நோட்டீஸின் அகலம் போதாமல் கடைசி சைபர் அடுத்த வரிக்குப் போனது. பெருமையாக இருந்தது.

டீக்கடையில் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம ஊருக்கு எத்தனை மணி நேரம் கரண்ட்டு வரும்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அந்த வருஷம் கொங்குப் பக்கத்துப் பட்டறைகளை மின்வெட்டு வாட்டிக்கொண்டிருந்தது. மக்களின் கோபம் லேத் நின்றுபோன மதியத்தில் இருந்தது, என் நோட்டீஸ் சைபரில் இருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அது அனுமான இழப்பு. ஏலம் விட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய தொகை என்று போட்ட கணக்கு. அதே அறிக்கையில் வேறு முறைகளில் போட்ட, இதைவிடக் குறைவான கணக்குகளும் இருந்தன. நாங்கள் 'சுருட்டிய பணம்' என்று எழுதினோம். 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் ஆ. ராசா, கனிமொழி உட்பட எல்லோரையும் விடுவித்தது. அன்றைக்கு எங்கள் பழைய நோட்டீஸைத் தேடியெடுத்து எங்களுக்கே வாட்ஸப்பில் அனுப்பினார்கள். அறிக்கையில் என்ன சொல் இருக்கிறதோ அந்தச் சொல்லையே எழுதுங்கள். மேலே ஏற்றாதீர்கள்.

கட்சியைத் திட்டப் போய் ஓட்டுப் போட்டவரைத் திட்டுவது

இதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தம்பிகளின் பென்டிரைவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது 'ஓசி பஸ்ஸுக்கு மயங்காதே'. அடுத்தது '200 ரூபாய் உபி' (காசு வாங்கிக்கொண்டு பதிவு போடும் உடன்பிறப்பு என்று திமுககாரரைக் கேலி செய்யும் சொல்). அதற்கடுத்து, குவார்ட்டருக்கும் பிரியாணிக்கும் ஓட்டை விற்கும் கூட்டம் என்று ஒரு கவிதை. கவிதை நன்றாகவே இருந்தது, அதுதான் எரிச்சல்.

2011 கதையைச் சொல்கிறேன். திமுக கிரைண்டர் அல்லது மிக்ஸி தருவதாகச் சொன்னது. அதிமுக மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் என்றது. அதற்கு முந்தைய 2006 தேர்தலில் கலர் டிவி. எனக்கு அப்போது கொள்கைக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. கொங்குப் பக்கம் ஒரு தொகுதிக்கு நான் எழுதிய நோட்டீஸின் தலைப்பு இது: 'ஒரு மிக்ஸிக்கு உன் ஐந்து வருஷத்தை விற்பாயா?'

'உன்' என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். ஓட்டுக் கேட்டுப் போகிற இடத்தில் ஒருமை.

இரண்டாயிரம் பிரதி அடித்தோம். எங்கள் குழுவில் ஒரே பாராட்டு. வேட்பாளர் தோளைத் தட்டினார். மூன்றாம் நாள் எதிரணியின் ஒன்றியச் செயலாளர் ஒருவர் அதே நோட்டீஸை ஜெராக்ஸ் எடுத்தார். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மேலே பேனாவால் ஒரு வரி மட்டும் எழுதிச் சேர்த்தார்: 'உங்களைப் பற்றி இவர்கள் எழுதியது. படித்துப் பாருங்கள்.' ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். அவருக்கு ஆன செலவு ஜெராக்ஸ் காசு. எழுத்துக்கூலி எங்களுடையது.

அந்த வரிசையில் எங்கள் பூத் ஏஜென்ட்டின் அம்மாவும் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து மகனிடம், "ஏங்கண்ணு, நான் என்னத்த வித்துப்போட்டேன்?" என்று கேட்டாராம். அவன் அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை. டெபாசிட் போனது. அது எப்படியும் போயிருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பையன் போயிருக்க வேண்டியதில்லை.

கணக்கு எளிமையானது. போன முறை எதிரணிக்கு ஓட்டுப் போட்டவர்களில் ஒரு பகுதி இந்த முறை உங்கள் பக்கம் வந்தால்தான் நீங்கள் ஜெயிக்க முடியும். அவரைப் போய் 'நீ விலைபோனவன்' என்றால் அவர் எப்படி வருவார்? தன் பழைய முடிவுக்கு அவரே வக்கீலாகிவிடுவார். 'நாம அன்னைக்குப் போட்டது சரிதான்' என்று வீட்டில் வாதாடுவார்.

இது தமிழ்நாட்டோடு முடிகிற கதை இல்லை. 2015 ஜூலை 25 அன்று பீகாரில் முசாஃபர்பூர் கூட்டத்தில் பிரதமர் மோடி நிதிஷ் குமாரின் டிஎன்ஏவிலேயே கோளாறு இருப்பதுபோலப் பேசினார். கூட்டணியை முறித்த ஒருவர் மீதான குத்தல் அது. நிதிஷ் அதைத் தன்மேல் வாங்கிக்கொள்ளவே இல்லை. பீகாரிகளின் டிஎன்ஏவையே பழித்துவிட்டார்கள் என்று திருப்பினார். அவர் கட்சிக்காரர்கள் ஊர் ஊராக முடியும் நகமும் சேகரித்து, பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று டெல்லிக்கு அனுப்பினார்கள். அக்டோபரில் அமித் ஷா, பாஜக தோற்றால் பாகிஸ்தானில் பட்டாசு வெடிப்பார்கள் என்றார். அப்படியென்றால் எதிரணிக்கு ஓட்டுப் போடும் பீகாரி யார்? 243 இடங்களில் மகா கூட்டணிக்கு 178, பாஜகவுக்கு 53. லாலுவும் நிதிஷும் காங்கிரஸும் சேர்ந்ததால் வந்த சாதிக் கணக்குதான் முதல் காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரிந்து கிடக்கவேண்டியவர்களுக்கு ஒன்றுசேர ஒரு ரோஷத்தையும் நாமே கொடுத்தோம்.

டெல்லி இதைவிட நல்ல பாடம். 2015இல் கேஜ்ரிவாலை 'உபத்ரவி கோத்திரம்', அதாவது தொல்லை தரும் கோத்திரம், என்று கேலி செய்து பாஜக விளம்பரம் வெளியிட்டது. என் அகர்வால் சமூகத்தையே திட்டுகிறார்கள் என்று அவர் பிடித்துக்கொண்டார். 70இல் ஆம் ஆத்மிக்கு 67, பாஜகவுக்கு 3. 2020இல் பாஜக எம்.பி. பர்வேஷ் வர்மா அவரைப் பயங்கரவாதி என்றார், தேர்தல் ஆணையம் பிரசாரத் தடை போட்டது. கேஜ்ரிவால் அதற்குச் சண்டை போடவில்லை. நான் உங்கள் மகனா பயங்கரவாதியா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு நின்றார். ஆம் ஆத்மி 62, பாஜக 8.

2025இல் தொனி மாறியது. முதல்வர் பங்களாவைப் புதுப்பித்த செலவு, யமுனையின் அழுக்கு, மதுக் கொள்கை வழக்கு என்று பிடித்தார்கள். கூடவே, இப்போது நடக்கும் நலத்திட்டங்கள் எதுவும் நிற்காது என்று மோடியே சொன்னார். பெண்களுக்கு மாதம் 2,500 என்று பாஜகவே வாக்குறுதி கொடுத்தது. 48 இடங்கள் கிடைத்தன. புது டெல்லித் தொகுதியில் கேஜ்ரிவாலை 4,089 ஓட்டில் தோற்கடித்தவர் அதே பர்வேஷ் வர்மா. பத்து வருஷ ஆட்சியின் சலிப்பும் கைதுகளும் உதவின, சரி. ஆனால் இலவச மின்சாரம் வாங்கிய வீட்டுக்காரர் குற்றவுணர்ச்சி இல்லாமல் தாமரையை அழுத்த முடிந்தது.

2022 ஜூலையில் பந்தேல்கண்ட் விரைவுச்சாலைத் திறப்பில் மோடி 'ரேவடி' (எள் மிட்டாய்) கலாசாரம் என்று இலவச அரசியலைச் சாடினார். மறு வருஷமே மத்தியப் பிரதேசத்தில் அதே கட்சியின் ஆட்சி 'லாட்லி பெஹனா' என்று பெண்களுக்கு மாதா மாதம் பணம் போட்டது, பெரும் வெற்றியும் பெற்றது. தம்பிகள் இந்த இரண்டாம் பாதியைப் படிப்பதில்லை. முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள்.

ஒரு சொல் எவ்வளவு செய்யும் என்பதை ஜெயலலிதா புரிந்துவைத்திருந்தார். 2011க்குப் பிறகு அவருடைய அரசு 'இலவச' என்பதை விட்டுவிட்டு 'விலையில்லா' என்றே எழுதியது. விலையில்லா அரிசி, விலையில்லா மடிக்கணினி. வாங்குகிறவர் தலைகுனிய வேண்டியதில்லை. எங்களைப் போன்றவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்துச் சிரித்தோம். அந்தம்மாவுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

இப்போது 'ஓசி'க்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் அமைச்சர் பொன்முடி மகளிர் கட்டணமில்லாப் பேருந்தைப் பற்றிப் பேசும்போது 'ஓசி' என்று சொல்லிவிட்டார். தன் அரசின் திட்டத்தைப் பெருமையாகச் சொல்லப் போய் வந்த சொல். எப்படிப்பட்ட எதிர்ப்பு வந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்களுக்கு ஓடாமல் உழைக்காமல் கிடைத்த நல்வாய்ப்பு அது. 'உங்களை ஓசி என்கிறார்கள்' என்று ஒரு வரி போதும். அப்படி வாக்காளர் பக்கம் நின்று பேசவேண்டிய நேரத்தில், அதே சொல்லை நாமே எடுத்து அந்தப் பெண்கள்மேல் வீசினால் என்ன சொல்வது? எதிரணி செய்த தவறை வாங்கி, நம் செலவில், நம் பெயரில் அச்சடித்துக் கொடுக்கிறோம்.

நம் குழுவில் அதிகம் கைதட்டு வாங்கும் வரியைச் சந்தேகப்படுங்கள். குழுவில் இருப்பவர் எல்லாம் ஏற்கெனவே நமக்கு ஓட்டுப் போடுகிறவர். அவர் சிரித்து என்ன ஆகப்போகிறது?

அட்மின் மேல் பழி போடுவது

2018 மார்ச்சில் திரிபுராவில் லெனின் சிலை விழுந்தபோது எச். ராஜாவின் பக்கத்தில் பெரியார் சிலை பற்றி ஒரு பதிவு வந்தது. பிறகு நீக்கப்பட்டது. தன் அனுமதியில்லாமல் அட்மின் போட்டது என்று விளக்கம் வந்தது. இன்றுவரை 'அட்மின்' என்றாலே ஜனங்கள் சிரிக்கிறார்கள். அந்த அட்மின் நாளை நீங்களாக இருக்கலாம், தம்பி.

தாய், மனைவி, பிறப்பு

வேண்டாம். 2021இல் எடப்பாடி பழனிசாமியின் பிறப்பை இழுத்துப் பேசிய ஆ. ராசாவுக்கு 48 மணி நேரம் பிரசாரத் தடை. எதிரணிக்காரர் செய்தார் என்பது நாம் செய்ய உரிமம் ஆகாது.

டெல்லிச் சரக்கைத் தெருவுக்குக் கொண்டுவருவது

கர்நாடகம், 2023. காங்கிரஸ் '40 சதவீத கமிஷன்' என்று உள்ளூர் ஒப்பந்தக்காரர் வலியைப் பேசியது. பாஜக கடைசி வாரத்தில் பஜ்ரங்பலியை, அதாவது அனுமனைப் பேசியது. 224இல் காங்கிரஸுக்கு 135, பாஜகவுக்கு 66.

தேர்தல் அறிக்கையைப் படிக்காமல் எழுதுவது

மூவரிடமும் கேட்டேன். திமுகவின் 2021 தேர்தல் அறிக்கையை முழுக்கப் படித்தவர் யாரும் இல்லை. திட்டுவதற்கு வேண்டியதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் என்று சொன்னது அந்த அறிக்கை. ஆட்சி வந்தது 2021 மே 7. திட்டம் தொடங்கியது 2023 செப்டம்பர் 15. நடுவில் 28 மாதம். தொடங்கும்போது ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நிலம் இவ்வளவுக்குள், மின்சாரம் இத்தனை யூனிட்டுக்குள் என்று நிபந்தனைகள். ஏறக்குறைய 1.06 கோடிப் பெண்களுக்குப் பணம் வந்தது. 'ஆயிரத்துக்கு மயங்காதே' என்று எழுதினால் அந்த ஒரு கோடிப் பேரும் நமக்கு எதிரி. '28 மாதம் எங்கே? பக்கத்து வீட்டம்மாவை ஏன் விட்டீர்கள்?' என்று எழுதினால் வாங்கியவரும் தலையாட்டுவார், வாங்காதவரும் தலையாட்டுவார்.

மின்சாரமும் அப்படித்தான். மாதா மாதம் ரீடிங் எடுப்போம் என்றார்கள். நான்கு வருஷம் கழிந்தும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் எடுத்தார்கள். 2022 செப்டம்பரில் கட்டணமும் ஏறியது. இதற்குக் கவிதை வேண்டாம், ஒரு வீட்டின் பழைய அட்டையும் புதிய பில்லும் பக்கத்தில் பக்கத்தில் போதும். பெயரையும் இணைப்பு எண்ணையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

பஸ்ஸைத் திட்டவேண்டுமா? உங்கள் ஊர் நிறுத்தத்தில் ஒரு வாரம் நில்லுங்கள். டவுன் பஸ் எத்தனை மணிக்கு வரவேண்டும், எத்தனை மணிக்கு வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். அதுதான் நோட்டீஸ். தேர்தல் நடத்தை விதியும் இதைத்தான் கேட்கிறது: மற்றக் கட்சியின் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு இவற்றை விமர்சிக்கலாம், பொதுவாழ்க்கையோடு சம்பந்தமில்லாத சொந்த வாழ்க்கையைத் தொடக்கூடாது, சரிபார்க்காத குற்றச்சாட்டு கூடாது. வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றித் தெரிந்தே பொய் எழுதினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4) வரும். ஜெயித்த பிறகுகூட வெற்றி செல்லாமல் போகலாம்.

நோட்டீஸின் அடிப்பகுதி

அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிடுபவரின் பெயரும் முகவரியும் முகப்பிலேயே இருக்கவேண்டும். அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரைத் தெரிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழி இரண்டு பிரதி அச்சகத்தில் கொடுக்கவேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தம்பிகள் கொண்டுவந்தவற்றில் ஒன்றில்கூட இது இல்லை. "அப்புறம் போட்டுக்கலாம்ணே" என்றார்கள். யார் பெயர் என்று கேட்டேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.