ஹோட்டன் சமவெளி: பனி மூடுவதற்குள் உலக முடிவைப் பார்க்க

இலங்கை மலைநாட்டில் உள்ள தேசியப் பூங்கா ஹோட்டன் சமவெளி. அங்கே ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க வந்த பலர் வெள்ளைப் பனியை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். பாதை தப்பாது, நேரம்தான் தப்பும். வெயில் ஏற ஏற, கீழ்நாட்டு ஈரக்காற்று மலைச்சுவரில் மோதி மேலே எழும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் எல்லாம் மறைந்துவிடும். அதனால் முதல் நாளே நுவரெலியாவில் தங்கி, விடிய முன் வேன் பிடியுங்கள். அம்பேவெல, பட்டிப்பொல வழியாக 32 கிலோமீற்றர் தூரம். ஆறு மணிக்குப் பூங்கா வாசலில் நிற்க வேண்டும். அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். ஆனால் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி கூடப் படியும். சுவெட்டர், தொப்பி, பிடிப்புள்ள சப்பாத்து, இவை போதும்.

சாப்பாட்டைப் பெட்டியில் கட்டுங்கள். நான் றொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டுபோவேன். நடை தொடங்கும் ஃபார் இன் பக்கத்தில் பையைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், போத்தலின் லேபிளையும் உரித்துவிடுவார்கள். கோபப்படாதீர்கள். சாப்பாட்டு வாசம் ஒட்டிய பையை மரை மான் அப்படியே விழுங்கிவிடும். மரை கிட்டே வந்து நின்றாலும் ஒன்றும் கொடுக்காதீர்கள்.

வட்டப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர், நிதானமாக நடந்தால் மூன்று, நான்கு மணி நேரம். பாதை பிரியும் இடத்தில், முதலில் வரும் சிறிய பள்ளமான சின்ன உலக முடிவுப் பக்கமாகத் திரும்புங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சி பிறகு. பனி வந்தாலும் அருவியைப் பார்க்கலாம், பள்ளத்தைப் பார்க்க முடியாது.

சின்ன உலக முடிவைத் தாண்டியதும் குட்டை மரக்காடு. இங்கே அவசரப்படாதீர்கள். பாசி படிந்த தண்டுகளில் கண்ணை ஓட்டினால் கொம்பு ஓணான் தென்படலாம். ஆணின் மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு சின்னக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். ஆள் கிட்டே போனாலும் சட்டென்று ஓடாது, அதற்காகக் கையில் எடுக்கக் கூடாது. இலங்கை மலைகளைத் தவிர வேறெங்கும் அது இல்லை.

அப்புறம் உலக முடிவு. கிட்டத்தட்ட 870 மீற்றர் பள்ளம். எல்லாரும் தூரத்தில் கடல் தெரிகிறதா என்று தேடுவார்கள். நீங்கள் நேரே கீழே பாருங்கள். அங்கே நன்பேரியல் தேயிலைத் தோட்டம். மலைநாட்டில் பிறந்த எனக்கு அந்தப் பச்சை நிரைகள்தான் இந்தக் காட்சியில் பெரிது. அந்தச் சரிவில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கிறவர்கள் எங்கள் சனம். படம் எடுக்கப் பின்பக்கமாக மட்டும் நகராதீர்கள், விழுந்தவர்கள் உண்டு. பிள்ளைகளின் கையை விடவே வேண்டாம்.

பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் பாதை வழுக்கும். 20 மீற்றர் உயரம்தான் என்றாலும் அழகு. குளிக்க அனுமதியில்லை. மகாவலி, களனி, வளவை ஆறுகள் மூன்றுக்கும் தண்ணீர் இந்த மேட்டிலிருந்து போகிறது. எந்த ஓடையிலும் சவர்க்காரம் போடாதீர்கள்.

திரும்பும் வழி திறந்த புல்வெளி, வெயில் சுடும். இன்னும் தெம்பு இருந்தால் பட்டிப்பொல வாசலுக்கு அருகில் தொட்டுபொல மலை ஏறலாம். 2,357 மீற்றர், நாட்டின் மூன்றாவது உயர்ந்த சிகரம், ஆனால் ஏற்றம் குறைவு. கிரிகல்பொத்த மலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், அதை இதோடு சேர்க்க வேண்டாம்.