டைரக்ட் ஆஃப்தால்மாஸ்கோப்பில் விழித்திரை பார்ப்பது எப்படி? மருத்துவ மாணவர்களுக்கான செய்முறை

கண் பிரிவில் போஸ்டிங் தொடங்கிய புதிதில், டைரக்ட் ஆஃப்தால்மாஸ்கோப்பை வைத்துப் பார்க்கும் மாணவர்களில் பலர் "ஏதோ சிவப்பா தெரியுது" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். பாடம் தெரியாமல் அப்படி ஆவதில்லை. நிற்கும் இடம், வரும் கோணம், நெருங்கும் தூரம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று தப்பியிருக்கும். அவற்றைச் சரிசெய்துவிட்டால், புத்தகத்தில் படித்த ஆப்டிக் டிஸ்க் (பார்வை நரம்பு கண்ணிலிருந்து வெளியேறும் வட்டமான இடம்) கண்ணெதிரே வந்து நிற்கும்.

கருவியைக் கையில் எடுத்ததும்

1851-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்தக் கருவியை உலகுக்கு அறிவித்தார். நோயாளியின் கண்ணுக்குள் போகும் ஒளியும் அங்கிருந்து திரும்பி நம் கண்ணுக்கு வரும் ஒளியும் ஏறக்குறைய ஒரே பாதையில் செல்ல வேண்டும் என்பதே அடிப்படை. அந்தப் பாதை கொஞ்சம் விலகினாலும் பியூப்பிள் (கண்மணி) கறுப்பாகத்தான் தெரியும். இன்று நாம் பிடிக்கும் கருவியும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

லென்ஸ் சக்கரத்தில் பச்சை அல்லது கறுப்பு எண்கள் பிளஸ், சிவப்பு எண்கள் மைனஸ். ஒளிவட்டத்தில் பெரியது விரிந்த பியூப்பிளுக்கு, சிறியது விரியாத பியூப்பிளுக்கு. பச்சை வடிகட்டி ரத்தக் கசிவையும் ரத்தக் குழாய்களையும் கறுப்பாக எடுத்துக் காட்டும். மற்ற வட்டங்களைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். வெளிச்சத்தை உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். மஞ்சளாக மங்கித் தெரிந்தால் பேட்டரியைச் சார்ஜ் போடுங்கள். மங்கின ஒளியில் ஆரோக்கியமான டிஸ்க்கின் நிறத்தைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பவர் இல்லாத கண்ணில் உருவம் சுமார் 15 மடங்கு பெரிதாக, நேராகத் தெரியும். ஆனால் ஒரே நேரத்தில் தெரியும் பரப்பு சுமார் 5 டிகிரிதான். டிஸ்க்கின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. அதனால் ஒரு பார்வையில் ஒரு டிஸ்க் அளவுதான் கிடைக்கும். மீதியைத் துண்டு துண்டாகப் பார்த்து மனதில் ஒட்ட வேண்டும்.

சொட்டு மருந்துக்கு முன் முடிக்க வேண்டியவை

பார்வைத் திறன், பியூப்பிளின் அளவு, ஒளிக்கு அது சுருங்கும் விதம், ஆர்ஏபிடி (ஒரு கண்ணின் பியூப்பிள் மற்றதைவிட ஒளிக்குக் குறைவாகச் சுருங்குவது) இருக்கிறதா என்பது: இவை நான்கையும் எழுதிவிட்டுத்தான் பியூப்பிளை விரிக்கும் சொட்டுக்குப் போக வேண்டும். பியூப்பிள் விரிந்த பிறகு ஆர்ஏபிடி பார்க்க வழியில்லை. ஆப்டிக் நரம்பு பாதிப்புக்கான முக்கியமான தடயம் அதோடு கைவிட்டுப் போகும்.

அடுத்து டார்ச் சோதனை. டார்ச்சைக் காதுப் பக்கத்திலிருந்து ஐரிஸுக்கு (பியூப்பிளைச் சுற்றியுள்ள நிற வளையம்) இணையாகப் பிடியுங்கள். ஐரிஸ் முழுக்க வெளிச்சம் பரவினால் முன் அறை (கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் நடுவிலுள்ள இடம்) ஆழமாக இருக்கிறது. மூக்குப் பக்க ஐரிஸில் நிழல் விழுந்தால் முன் அறை குறுகல். அந்தக் கண்ணை விரித்தால் கண்ணழுத்தம் திடீரென எகிறலாம். சீனியரிடம் காட்டாமல் சொட்டு விடாதீர்கள். தலையில் அடிபட்டு பியூப்பிளைக் கண்காணித்துக்கொண்டிருக்கும் நோயாளிக்கும் சொட்டு கூடாது.

தடை எதுவும் இல்லையென்றால், யூனிட்டில் அனுமதி வாங்கி ட்ராபிகமைட் 1% ஒரு சொட்டு. 20 முதல் 30 நிமிடத்தில் நன்றாக விரியும். முதலில் கொஞ்சம் எரியும், சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும், அதுவரை வண்டி ஓட்டக் கூடாது என்பதை விடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு கை தூரத்தில் நின்று சிவப்பு ஒளி

அறை விளக்கைக் குறையுங்கள். நோயாளியின் கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். "நேரே அந்தச் சுவத்துல இருக்கிற புள்ளியையே பாருங்க, என் தலை மறைச்சாலும் அங்கேயே பாருங்க" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டால் நோயாளி உங்கள் விளக்கைப் பார்ப்பார், பியூப்பிள் சுருங்கும், உங்கள் வேலை இரட்டிப்பாகும்.

நோயாளியின் வலது கண்ணுக்கு அவருடைய வலப்பக்கம் நின்று, வலது கையில் கருவியைப் பிடித்து, உங்கள் வலது கண்ணால் பாருங்கள். இடது கண்ணுக்கு எல்லாமே இடது. மாற்றிச் செய்தால் மூக்கோடு மூக்கு இடிக்கும், போதிய அளவு நெருங்கவும் முடியாது. ஆள்காட்டி விரல் எப்போதும் லென்ஸ் சக்கரத்தின் மேல் இருக்கட்டும்.

சுமார் 50 செ.மீ. தூரத்தில் நின்று பியூப்பிளில் ஒளியை அடியுங்கள். முழு வட்டமும் ஆரஞ்சு கலந்த சிவப்பாக ஒளிர வேண்டும். அதில் கறுப்புப் புள்ளியோ கோடோ தெரிந்தால், ஒளிபுகும் பாதையில் எங்கோ மறைப்பு இருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, நோயாளியை மெதுவாக மேலே பார்க்கச் சொல்லுங்கள். மறைப்பும் மேலே நகர்ந்தால் அது பியூப்பிள் தளத்துக்கு முன்னால், அதாவது கார்னியா (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) பக்கம். நகராமல் நின்றால் பியூப்பிள் தளத்திலேயே. கீழே நகர்ந்தால் அதற்குப் பின்னால், லென்ஸின் பின்பகுதியிலோ விட்ரியஸிலோ (கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல்). கண் நின்ற பிறகும் மிதந்துகொண்டே இருந்தால் விட்ரியஸ்தான்.

குழந்தையின் கண்ணில் சிவப்புக்குப் பதில் வெள்ளை ஒளி தெரிந்தால் மற்ற வேலையெல்லாம் பிறகு. ரெட்டினோபிளாஸ்டோமா (விழித்திரைப் புற்றுநோய்) இல்லை என்று உறுதியாகும்வரை அந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது; உடனே சீனியரை அழையுங்கள்.

நெருங்கும் விதம்

மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். நோயாளியின் நேர்ப்பார்வைக் கோட்டிலிருந்து சுமார் 15 டிகிரி வெளிப்பக்கமாக விலகி நில்லுங்கள். டிஸ்க் மேக்குலாவிலிருந்து (கூர்மையான பார்வைக்கான விழித்திரையின் நடுப்பகுதி) மூக்குப் பக்கம் ஏறக்குறைய 15 டிகிரியில் இருப்பதால், இந்தக் கோணத்தில் உள்ளே போனால் ஒளி டிஸ்க்கின் மேலேயே விழும். நேரெதிரே நின்று நுழைந்தால் முதலில் மேக்குலாவில் வெளிச்சம் படும். கண் கூசும், பியூப்பிள் சுருங்கும்.

மற்றொரு கையை நோயாளியின் நெற்றியில் வைத்து, கட்டை விரலால் மேல் இமையை லேசாகத் தூக்கிக்கொள்ளுங்கள். சிவப்பு ஒளியை விடாமல், அதே கோட்டில் மெதுவாக முன்னேறுங்கள். ஒளி மறைந்துவிட்டால் அங்கேயே தேடிக்கொண்டிருக்காமல், பின்னால் வந்து மறுபடி சிவப்பைப் பிடித்து முன்னேறுங்கள். கருவிக்கும் கண்ணுக்கும் நடுவில் 2 முதல் 3 செ.மீ. மட்டுமே இருக்கும்வரை போக வேண்டும். உங்கள் விரல் முட்டி நோயாளியின் கன்னத்தைத் தொடும் அளவு. தயக்கத்தால் 10 செ.மீ. தள்ளி நின்றே விழித்திரையைத் தேடுவது மிகப் பொதுவான தவறு. சாவித் துவாரத்தில் கண்ணை ஒட்டி வைத்தால்தான் அறை தெரிவதைப் போல, இங்கேயும் நெருங்க நெருங்கத்தான் பரப்பு விரியும்.

இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருங்கள். ஒரு கண்ணை இறுக்கி மூடினால் உங்கள் கண் கிட்டத்துக்குக் குவியத் தொடங்கும். பிறகு தேவையில்லாமல் மைனஸ் லென்ஸ் போட வேண்டிவரும்.

லென்ஸைத் திருப்புதல்

இருவருக்கும் பவர் இல்லையென்றால் 0-வில் தெளிவு கிடைக்கும். உங்களுக்கு மைனஸ் 3, நோயாளிக்கு மைனஸ் 4, இருவரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டீர்கள் என்றால் ஏறக்குறைய சிவப்பு 7-க்குப் பக்கத்தில் தெளியும். உங்களுக்கு சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாட்டிசத்துக்கான பவர்) அதிகமென்றால் கண்ணாடியைப் போட்டபடியே பாருங்கள். சக்கரத்தில் சிலிண்டர் லென்ஸ் கிடையாது. அதிக மயோப்பியா (மைனஸ் பவர்) உள்ள நோயாளியில் உருவம் மிகப் பெரிதாகி, பரப்பு இன்னும் சுருங்கிவிடும். அவரை அவருடைய கண்ணாடியைப் போடச் சொல்லிவிட்டுப் பார்ப்பதே எளிது.

எந்தப் பக்கம் திருப்பினாலும் தெளியவில்லை என்றால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்காதீர்கள். முதல்படியில் பார்த்த சிவப்பு ஒளி மங்கலாக இருந்ததா என்று யோசியுங்கள். கண்புரையோ விட்ரியஸில் ரத்தமோ இருந்தால் எந்த லென்ஸும் உதவாது.

டிஸ்க், ரத்தக் குழாய், பின்புலம், கடைசியில் மேக்குலா

உள்ளே முதலில் ஒரு ரத்தக் குழாய்தான் கண்ணில் படும். அது கிளை பிரியும் இடத்தில் 'வி' வடிவம் தெரியும். அந்த வடிவத்தின் கூர் முனை டிஸ்க்கைக் காட்டும். அந்தத் திசையில் குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் டிஸ்க்கில் போய் முடியும்.

டிஸ்க்கில் விளிம்பு, நிறம், கப் (டிஸ்க்கின் நடுவிலுள்ள குழிவு) என்ற வரிசையில் பாருங்கள். ஆரோக்கியமான டிஸ்க்கிலும் மூக்குப் பக்க விளிம்பு கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். அதை மட்டும் வைத்து பாப்பிலெடிமா (மண்டையோட்டு அழுத்தம் கூடியதால் வரும் டிஸ்க் வீக்கம்) என்று எழுதிவிடாதீர்கள். பாப்பிலெடிமாவில் பொதுவாக இரு கண்ணிலும் டிஸ்க் மேடிட்டுச் சிவந்திருக்கும், விளிம்பைக் கடக்கும் ரத்தக் குழாய்கள் வீக்கத்தில் மறையும், பக்கத்தில் ரத்தக் கசிவும் இருக்கலாம். டிஸ்க்கின் உச்சிக்கும் பக்கத்து விழித்திரைக்கும் தனித்தனியாக ஃபோகஸ் செய்து பாருங்கள். 3 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வேறுபாடு என்றால் சுமார் 1 மி.மீ. உயரம். டிஸ்க்கில் வெயின் (சிரை) தானாகத் துடிப்பது தெரிந்தால் மண்டையோட்டு அழுத்தம் அந்த நேரத்தில் கூடியிருக்க வாய்ப்புக் குறைவு. துடிப்பு தெரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் நல்ல கண்கள் சிலவற்றிலும் அது தெரிவதில்லை.

கப்பின் அளவை நிறம் மாறும் இடத்தை வைத்து அளக்காமல், சிறு குழாய்கள் வளைந்து இறங்கும் இடத்தை வைத்து அளந்து பழகுங்கள். கப்–டிஸ்க் விகிதம் 0.3 அளவில் இருப்பது வழக்கம். 0.6-க்கு மேல் போனாலோ இரு கண்களுக்கும் நடுவில் 0.2 வித்தியாசம் இருந்தாலோ கிளாக்கோமா (பார்வை நரம்பை அரிக்கும் நோய்) சந்தேகம் எழ வேண்டும். இயல்பான கண்ணில் ரிம் (கப்புக்கும் டிஸ்க் விளிம்புக்கும் நடுவிலுள்ள நரம்புப் பகுதி) பெரும்பாலும் கீழ்ப்பக்கம்தான் தடிமனாக இருக்கும். அங்கே மெலிந்திருந்தால் கவனியுங்கள்.

குழாய்களில் ஆர்ட்டரி (தமனி) மெலிந்து வெளிறியும், வெயின் தடித்துக் கருஞ்சிவப்பாகவும் இருக்கும். அகலம் தோராயமாக 2-க்கு 3. டிஸ்க்கிலிருந்து நான்கு கிளைகளையும் ஒவ்வொன்றாக வெளியே போய்த் திரும்பி வாருங்கள். வழியில் தெரியும் புள்ளிகளின் வடிவமே எந்த அடுக்கில் கோளாறு என்று சொல்லும். தீச்சுடர் போன்ற கசிவு நரம்பிழை அடுக்கில். வட்டப் புள்ளிக் கசிவு அதற்குக் கீழே, ஆழத்தில். ஓரம் தெளிவான மஞ்சள் எக்ஸூடேட் (கசிந்து படிந்த கொழுப்பு) அவுட்டர் பிளெக்ஸிஃபார்ம் அடுக்கில். ஓரம் கலைந்த வெண்மையான காட்டன் வூல் ஸ்பாட் நரம்பிழை அடுக்கில் ரத்த ஓட்டம் தடைபட்டதன் அடையாளம்.

மேக்குலாவைக் கடைசியில் வையுங்கள். ஒளியைக் குறைத்து, "இப்ப விளக்கைப் பாருங்க" என்றால் தானாகவே எதிரே வரும். சில வினாடிகளில் முடித்துவிடுங்கள்.

ஒளிப் பிரதிபலிப்பு மறைத்தால்

கார்னியாவில் வெள்ளைப் பளபளப்பு கண்ணை மறைத்தால் சிறிய ஒளிவட்டத்துக்கு மாறுங்கள், கருவியை இம்மியளவு சாய்த்துப் பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் பளபளப்பும் கூடும்.

அன்றே எழுத வேண்டிய நோட்ஸ்

லெக்சர் நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, எழுதுபவர் பார்க்கும்படி இடப்பக்கம் நோயாளியின் வலது கண், வலப்பக்கம் இடது கண் என்று வட்டம் போடுங்கள். டைரக்ட்டில் உருவம் நேராகத் தெரிவதால் பார்த்தபடியே வரையலாம். ஆர்ட்டரியும் ரத்தக் கசிவும் சிவப்பு, வெயின் நீலம், எக்ஸூடேட் மஞ்சள், விட்ரியஸ் மறைப்பு பச்சை, நிறமி கறுப்பு. இருக்கும் இடத்தைக் கடிகார மணியிலும், தூரத்தையும் அளவையும் டிஸ்க் விட்டத்திலும் குறியுங்கள்: "2 மணியில், டிஸ்க்கிலிருந்து 1 டிஸ்க் விட்டம் தள்ளி, கால் டிஸ்க் அளவில் தீச்சுடர்க் கசிவு". இப்படி எழுதியதை அடுத்த முறை பார்ப்பவர் நேராகப் போய்த் தேடலாம்.

டிஸ்க் மட்டும்தான் தெரிந்தது என்றால் "டிஸ்க் இயல்பு, மேக்குலா பார்க்க முடியவில்லை" என்றே எழுதுங்கள். பார்க்காத பகுதியையும் சேர்த்து "ஃபண்டஸ் நார்மல்" என்று எழுதுவது நோயாளிக்கு நேரடியான ஆபத்து. இந்தக் கருவி விழித்திரையின் ஓரத்தை எட்டாது, ஆழத்தையும் காட்டாது. கண்ணுக்குள் மின்னல் வெட்டுவதாகவும் கறுப்புப் புள்ளிகள் மிதப்பதாகவும் நோயாளி சொன்னால், நடுப்பகுதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இன்டைரக்ட் ஆஃப்தால்மாஸ்கோப்பில் ஓரம்வரை பார்க்க அன்றைக்கே அனுப்புங்கள். மேக்குலா வீக்கம் சந்தேகமென்றால் ஸ்லிட் லாம்ப்பில் (கண் பரிசோதனை மைக்ரோஸ்கோப்) 78 அல்லது 90 டயாப்டர் லென்ஸோடு பார்க்க வேண்டும்.