உலோகத் தட்டின் அருகே இரண்டு அணுக்கள்: லண்டன் விசையைக் கணக்கிடும் வழி

வெற்றிடத்தில் இரண்டு ஆர்கான் அணுக்களின் ஈர்ப்பாற்றல் தூரத்தின் 6ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். லண்டன் விசை எனப்படும் இதை 1930இல் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் லண்டன் விளக்கினார்: அணுவின் மின்னூட்டம் கணநேரம் ஒரு பக்கம் சாய்ந்து இருமுனை (ஒரு முனை நேர், மறுமுனை எதிர்) ஆகிறது, அது மற்ற அணுவிலும் இருமுனையைத் தூண்டுகிறது. அதே அணுக்கள் ஓர் உலோகத் தட்டுக்கு மேலே அருகருகே இருந்தால் ஈர்ப்பு குறைகிறது. எவ்வளவு என்பதை நாமே கணக்கிடலாம்.

படி 1: தட்டை முழுமையான கடத்தியாக வைத்துக்கொள்ளுங்கள். அணுக்களுக்கு இடையே தூரம் தூ, தட்டிலிருந்து இரண்டின் உயரமும் உ. தட்டின் விளைவை, கண்ணாடியில் தெரிவதுபோல் தட்டுக்குக் கீழே அதே தூரத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யும் பிம்பத்தால் கணக்கிடுகிறோம். ஓர் அணுவிலிருந்து மற்றதன் பிம்பம் வரை உள்ள தூரம் பி என்றால், பி² = தூ² + 4உ².

படி 2: நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்ட இடம் இது. மின்னூட்டத்தின் பிம்பத்துக்கு எதிர்க்குறி என்பதால், இருமுனையின் மூன்று கூறுகளுக்கும் குறியை மாற்றிவிட்டேன். உயரத்தைக் குறைக்கக் குறைக்க விடை பூஜ்யத்தை நோக்கிப் போனது. உங்களுக்கும் அப்படி வந்தால் பிழை இங்கேதான். தட்டுக்கு இணையாகக் கிடக்கும் இருமுனைக்குப் பிம்பம் எதிர்த்திசையில் விழும். செங்குத்தாக நிற்கும் இருமுனைக்கோ குறியும் மாறுகிறது, மேல் கீழும் மாறுகிறது. இரண்டும் சேர்ந்து பழைய திசையே கிடைக்கும். ஆகவே பிம்ப அணியின் மூலைவிட்டம் (−1, −1, +1).

படி 3: ஓர் அணுவின் இருமுனை மற்ற அணு இருக்கும் இடத்தில் உண்டாக்கும் மின்புலத்தைத் தரும் 3×3 அணி நேர்வழி அணி; பிம்பத்தின் இடத்திலிருந்து கணக்கிட்டால் அது பிம்பவழி அணி. நேர்வழி அணியோடு, பிம்ப அணியால் பெருக்கிய பிம்பவழி அணியைக் கூட்டுங்கள். உறுப்புகளின் வர்க்கங்களைக் கூட்டி, தட்டு இல்லாதபோது வரும் தொகையால் வகுங்கள். பைதானில் நம்பை (NumPy, அணிக் கணக்குக்கான நிரல் தொகுப்பு) இருந்தால் பத்து வரிதான். கையால் விரிப்பதைவிட 3×3 அணியாகவே வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும். கூட்டல்-கழித்தல் குறியில் பிழை இருந்தால் சட்டென்று கண்ணில் படும். சரிபார்க்க மட்டும் இந்தச் சூத்திரம் போதும்:

விகிதம் = 1 + (தூ/பி)⁶ − ⅓(தூ/பி)³[1 + 3(தூ/பி)²]

உ = 2தூ எனில் 0.995, உ = தூ எனில் 0.96, உ = தூ/2 எனில் 0.83. உயரம் பூஜ்யத்தை நெருங்கும்போது 2/3. அந்தக் கடைசி எண் கணித எல்லை மட்டுமே. அணு அவ்வளவு ஒட்டினால் உண்மையான உலோகம் முழுமையான கடத்தியாக நடந்துகொள்ளாது.

பின்சேர்க்கை: அணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது விகிதம் 1ஐத் தாண்டுகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அது சரிதான். செங்குத்து அமைப்பில் தட்டு ஈர்ப்பைக் கூட்டுகிறது. கீழ் அணு தட்டைத் தொடும் எல்லையில் விகிதம் 8/3. மேலே உள்ள சூத்திரம் பக்கவாட்டு அமைப்புக்கு மட்டும் உரியது. அணி முறை இரண்டுக்கும் செல்லும், ஆனால் அங்கே பி என்பது இரண்டு உயரங்களின் கூட்டல்.

இன்னொருவர், ஒவ்வோர் அணுவையும் தட்டு தன் பக்கம் இழுப்பதை ஏன் சேர்க்கவில்லை என்றார். அந்த ஆற்றல் உயரத்தை மட்டுமே சார்ந்தது, தூவைச் சார்ந்ததல்ல. அதனால் அணுக்களுக்கு இடையிலான பக்கவாட்டு விசையில் அது வராது.

அப்புறம், தூவும் உவும் அணு உமிழும் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்கும்வரைதான் இதெல்லாம் பொருந்தும். அதற்கு அப்பால் ஒளி போய்வர ஆகும் நேரம் குறுக்கிடும்; வெற்றிடத்திலேயே 6ஆம் அடுக்கு 7 ஆகிவிடும் என்று 1948இல் இயற்பியலாளர்கள் காசிமிரும் போல்டரும் காட்டினார்கள்.