மண்ணில் இன்னும் எத்தனை நாளுக்கு ஈரம் இருக்கிறது? நாமே கணக்கிடலாம்

மழை நின்று பத்துப் பதினைந்து நாள் ஆனதும் மானாவாரிக்காரர்கள் எல்லாரும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கூடவே மண்ணையும் எடை போட்டால், பயிர் எப்போது வாடத் தொடங்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒரு மண்வெட்டி, சமையலறை டிஜிட்டல் தராசு, ஓடிஜி அடுப்பு, சில பாலித்தீன் பைகள் போதும்.

முதல் வேலை மண் எடுப்பது. வரப்பு, மரநிழல், வாய்க்கால் ஓரம் மூன்றும் வேண்டாம். வயலில் நான்கைந்து இடங்களில் குழி தோண்டி, 15 செ.மீ. ஆழம் வரை ஒரு பை, 15 முதல் 30 செ.மீ. வரை இன்னொரு பை. எடுத்த கையோடு பை வாயை முடிச்சுப் போடுங்கள். வெயிலில் திறந்து வைத்தால் கணக்கே மாறிவிடும். மேல்மண் புழுதியாகக் கிடக்கும்போதே கீழ்மண் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும். அதனால்தான் இரண்டு ஆழம்.

அடுத்து எடை. ஈரமண்ணை நிறுத்துக் குறித்துக்கொண்டு, 105 டிகிரியில் எடை இனிக் குறையாது என்னும்வரை காயவையுங்கள். ஆய்வுக்கூடங்களில் 24 மணி நேரம் வைப்பார்கள். 118 கிராம் மண் காய்ந்து 100 கிராம் ஆனால் ஈரம் 18 சதவீதம். வகுக்க வேண்டியது காய்ந்த எடையால்.

இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, மிகுதி நீர் வடிந்தபின் எடுத்த அளவுதான் மண்ணின் முழுக் கொள்ளளவு. அது 20 சதவீதம் என்று வையுங்கள். நடுத்தர மண்ணில் கிட்டத்தட்ட அதில் பாதி, அதாவது 10 சதவீதம் வந்தால் பயிர் வாடி எழாது. இது குத்துமதிப்புதான், மண் பரிசோதனைக் கூடத்தில் சரியாக அளக்கலாம்.

சரி, இப்போது நாள் கணக்கு. இரண்டு பைகளின் சராசரி 18 என்றால், வேருக்குக் கிடைக்கக்கூடியது 8 சதவீதம். அதை மண் அடர்த்தி (ஒரு கன செ.மீ. மண்ணின் காய்ந்த எடை, கிராமில்) 1.4, ஆழம் 300 மி.மீ. இரண்டாலும் பெருக்கினால் 33.6 மி.மீ. தண்ணீர். முழுக் கொள்ளளவில் இது 42. அதில் பாதி, 21 மி.மீ.க்குக் கீழே போனால் பல பயிர்கள் திணறும். இடைவெளி 12.6 மி.மீ.; பயிர் நாளுக்கு 5 மி.மீ. குடித்தால் இரண்டரை நாள். அதற்குள் மழை இல்லையென்றால் பயிரைக் காப்பாற்றும் உயிர்த்தண்ணீருக்கு வழி பார்க்க வேண்டியதுதான்.

வாரம் ஒரு முறை அளந்து, மழையளவோடு நோட்டில் எழுதுங்கள். போன வருடம் இதே வாரத்தைவிட ஈர அளவு கீழே இறங்கிக்கொண்டே போனால், அதுதான் வறட்சிக்கு முதல் அறிகுறி. இலையில் தெரிவதற்கு முன்பே நோட்டில் தெரிந்துவிடும்.

காயவைக்க நேரமில்லாதவர்களுக்குக் கோவை கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய ஈரங்காட்டி இருக்கிறது. மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்குகளில் ஒன்று எரியும். 2015இல் நாசா ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோளும் மண்ணீரத்தை அளக்கிறது. ஆனால் அது நேரடியாகப் பார்ப்பது மேல் 5 செ.மீ. மட்டும், அதுவும் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாக. மாவட்ட நிலவரத்துக்குச் சரி, உங்கள் ஒரு ஏக்கருக்கு உதவாது.

கரிசல்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: வெடிப்பை ஒட்டி மண் எடுக்காதீர்கள். வெடிப்பின் சுவர் முன்பே காய்ந்திருக்கும். மழை பெய்தால் முதலில் நனைவதும் அதுதான். இரண்டு வெடிப்புக்கு நடுவில் தோண்டுங்கள்.