பழைய ஆர்எக்ஸ்-8 வாங்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஸ்போர்ட்ஸ் கார் 2003இல் விற்பனைக்கு வந்தது. 2012இல் உற்பத்தி நின்றது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இன்று ஒரு சாதாரண பழைய ஹேட்ச்பேக் விலைக்கே கிடைக்கிறது. அந்த விலையில் மயங்கிப் புதிதாக வருகிறவர்கள், முன்னால் வாங்கியவர்கள் விழுந்த பள்ளத்திலேயே போய் விழுகிறார்கள். ஆவணம், விபத்து, டயர் எல்லாம் எந்தக் காருக்கும் பார்க்க வேண்டியவை, அவற்றை விட்டுவிடுகிறேன். பேச வேண்டியது அந்த 1.3 லிட்டர் ரோட்டரி எஞ்சினைப் பற்றி. அதில் பிஸ்டன் கிடையாது, சிலிண்டர் ஹெட்டும் கிடையாது, அதனால் ஹெட்டுக்கு வைக்கும் கேஸ்கட்டும் கிடையாது. "போன வருஷம்தான் ஹெட் கேஸ்கட் மாத்தினேன்" என்று விற்பவர் சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சாதாரண கேஜில் கம்ப்ரஷன் பார்ப்பது

அதிகப் பணத்தை விழுங்குவது இந்தத் தவறுதான். இத்தனை வருடம் கழித்தும் இது ஓயாததுதான் எரிச்சல். வாங்கப் போகிறவர் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போகிறார். அவர் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கம்ப்ரஷனை, அதாவது எஞ்சினுக்குள் உருவாகும் அழுத்தத்தைப் பார்க்க, எல்லாப் பெட்ரோல் காருக்கும் மாட்டும் கேஜையே மாட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுகிறார். முள் நல்ல அளவில் போய் நிற்கிறது. அன்றைக்கே பணம் கைமாறுகிறது. கொஞ்ச நாளில் வண்டி பெட்ரோல் பங்கில், சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிறது.

கோளாறு கேஜின் அமைப்பில் இருக்கிறது. எஞ்சினுக்குள் இரண்டு ரோட்டர்கள். ஒவ்வொன்றும் முக்கோணம், மூன்று முகம். மூன்று முகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதே பிளக் துளையைக் கடந்து போகின்றன. சாதாரண கேஜின் குழாயில் ஒருவழி வால்வு இருக்கிறது. வந்ததிலேயே பெரிய அழுத்தத்தை மட்டும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு ரோட்டரின் மூன்று முகங்கள் 7.4, 7.3, 5.5 பார் (அழுத்த அலகு) கொடுக்கின்றன என்று வையுங்கள். கேஜ் காட்டுவது 7.4. செத்துக்கொண்டிருக்கும் மூன்றாவது முகம் அதன் கண்ணில் படவே படாது.

ரோட்டரிக்கென்றே தனி டெஸ்டர் இருக்கிறது. அது ரோட்டருக்கு மூன்றாக மொத்தம் ஆறு அளவும், ஸ்டார்ட்டர் சுற்றிய வேகமும் தரும். எஞ்சின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும், எரிபொருளை நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துச் சோதிக்க வேண்டும். 250 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 250 சுற்று) மஸ்டா வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 680 கிலோபாஸ்கல், அதாவது 6.8 பார். ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 1.5 பாரைத் தாண்டக்கூடாது; இரண்டு ரோட்டர்களுக்கு இடையில் 1 பாருக்குள் இருக்க வேண்டும். மேலே சொன்ன ரோட்டர் குறைந்தபட்ச அளவு, முகங்களின் வித்தியாசம் இரண்டிலும் தோற்றது.

வேகத்தைக் குறிக்காத சோதனைத் தாளை ஏற்காதீர்கள். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றினால் அளவும் ஏறும். 300 ஆர்பிஎம்மில் எடுத்த 7 பாரை 250க்குத் திருத்தினால் 6.8க்குக் கீழே போய்விடும். அளவுகளின் வரிசையும் பேசும். அடுத்தடுத்த இரண்டு முகங்கள் சேர்ந்து இறங்கியிருந்தால் பெரும்பாலும் அவற்றுக்கு நடுவிலுள்ள அபெக்ஸ் சீல் (ரோட்டரின் மூலையில் அழுத்தம் கசியாமல் அடைக்கும் பட்டை) போயிருக்கும். ஒரு முகம் மட்டும் இறங்கியிருந்தால் ரோட்டரின் பக்கவாட்டில் அடைக்கும் சைடு சீலைச் சந்தேகிக்கலாம். எதுவானாலும் எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். பிரிட்டன் போன்ற சந்தைகளில் அந்தச் செலவு காரின் விலையையே தாண்டிவிடும். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களின் எஞ்சினுக்கு மஸ்டாவே உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டித்தது. அந்தக் காலமும் முடிந்துவிட்டது.

ரோட்டரி டெஸ்டர் கிடைக்காத ஊரென்றால், சாதாரண கேஜின் ஒருவழி வால்வைக் கழற்றிவிட்டு முள்ளின் துடிப்பைப் பாருங்கள். மூன்று துடிப்பும் ஒரே உயரத்தில் வர வேண்டும். ஒன்று தாழ்ந்தால் வண்டியை விட்டுவிடலாம். மூன்றும் சமமாக இருந்தாலும், இதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

சூட்டில் அணைத்துப் பார்க்காமல் வருவது

இருபது நிமிடம் ஓட்டுங்கள். அணையுங்கள். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்புங்கள். ஓரிரு நொடியில் பிடிக்க வேண்டும். ஐந்து நொடிக்கு மேல் இழுத்தால் கம்ப்ரஷன் போகிறது என்று பொருள். காலையில் சட்டென்று பிடிக்கும் எஞ்சினும் சூட்டில் இப்படி மாட்டிக்கொள்ளும். விற்பவர் பேசி முடிக்கும்வரை எஞ்சினை ஓடவிட்டே வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். வேகமாகச் சுற்றும் பிற்கால ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தால் இந்தக் குறை கொஞ்ச நாள் வெளியே தெரியாது.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து உடனே அணைப்பது

பிளக் பெட்ரோலில் நனைந்துவிடும். அடுத்த முறை பிடிக்காது. ஸ்டார்ட் செய்தால் சூடாகும்வரை ஓடவிடுங்கள்.

"ஆயிலே குடிக்காது" என்றதும் மகிழ்வது

இந்த எஞ்சின் ஆயில் குடித்தே ஆக வேண்டும். சீல்கள் தேயாமலிருக்க, மீட்டரிங் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை ரோட்டர் அறைக்குள் செலுத்துகிறது, அது எரிந்துபோகும். ஆயில் குறையவே இல்லை என்றால் ஒன்று அவர் டிப்ஸ்டிக்கை எடுத்தே பார்த்ததில்லை, அல்லது பம்ப் வேலை செய்யவில்லை. இரண்டாவது முதலாவதைவிட மோசம். இரண்டு டேங்க் பெட்ரோலுக்கு ஒருமுறையாவது ஆயில் மட்டம் பார்ப்பவரா, டிக்கியில் ஒரு ஆயில் கேன் கிடக்கிறதா என்று பாருங்கள். 2009 முதல் வந்த மாடல்களில் ஆயில் செலுத்தும் முறையை மஸ்டா மேம்படுத்தியது. விலை கொஞ்சம் கூடினாலும் நான் அதைத்தான் தேடச் சொல்வேன்.

இக்னிஷன் காயிலைச் சில்லறைச் செலவு என்று தள்ளுவது

பிளக்குக்கு மின்பொறி தருபவை நான்கு காயில்கள். ஒன்று பலவீனமானாலும் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைக்கிறது. வெளியேற வழியில்லாத வெப்பம் திரும்பி எஞ்சினைத் தாக்குகிறது. நன்றாகச் சூடான பிறகு மூன்றாவது கியரில் 4000 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதியுங்கள். ஆறு வேக மேனுவல் 9000 வரை ஒரே இழுப்பில் ஏறும். 6000க்கு மேல் மூச்சு முட்டினால் காயிலையும் கன்வெர்ட்டரையும் முதலில் சந்தேகியுங்கள். நான்கு காயிலும் எப்போது மாறின என்பதற்குப் பில் கேளுங்கள்.

குறைந்த கிலோமீட்டருக்கு மயங்குவது

கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடிய 40,000 கிலோமீட்டரைவிட நெடுஞ்சாலையில் ஓடிய 1,00,000 கிலோமீட்டரே மேலானது.

"எஞ்சின் புதுசா போட்டாச்சு"

யார் பிரித்தார்? ரோட்டர் ஹவுசிங் (ரோட்டர் சுற்றும் கூடு) புதிதா, பழையதையே போட்டாரா? பூட்டிய பிறகு எடுத்த ஆறு அளவு எங்கே? தாள் இல்லையென்றால் பழைய எஞ்சின் விலையே பேசுங்கள்.