வண்டி எண்ணும் கைக்கருவி: வேலூர்ச் சாலைகளில் முதல்முறை கணக்கெடுப்பவர்களுக்கு

போக்குவரத்துக் கணக்கெடுப்புக்குப் புதிதாக வரும் பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களிடம் கருவியைக் கொடுத்து, "வண்டி போனால் அழுத்துங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது போதாது. சிக்னலில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை விநாடி பச்சை விளக்கு, எந்தச் சாலையை அகலப்படுத்துவது என்பதையெல்லாம் நீங்கள் கொண்டுவரும் எண்ணை வைத்தே முடிவு செய்கிறார்கள். ஆகவே, எண்ணத் தவறியதை ஊகித்து நிரப்பக் கூடாது. மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கருவியைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாதாரண டேலி கவுண்டர் உள்ளங்கைக்குள் அடங்கும். விரல் நுழைக்க ஒரு வளையம், கட்டைவிரலால் அழுத்த ஒரு நெம்பு, நான்கு இலக்கம் காட்டும் சாளரம், பூஜ்யத்துக்குக் கொண்டுவரப் பக்கவாட்டில் ஒரு திருகு. ஒரு திசையில் ஒரு வகை வண்டியை எண்ண இதுவே போதும்.

நாற்சந்தியில் கவுண்ட் போர்டு என்ற மின்னணு எண்ணும் பலகை தேவைப்படும். நான்கு பக்கத்திலிருந்தும் வரும் வண்டிகள் இடது, நேர், வலது என்று பிரிவதால் 12 அசைவுகள். ஒவ்வொன்றுக்கும் பலகையில் ஒரு பொத்தான். உள்ளே கடிகாரம் இருப்பதால் கால்மணிக்கு ஒருமுறை அதுவே பிரித்துப் பதிந்துகொள்ளும்.

வீட்டிலேயே சோதியுங்கள்

டேலி கவுண்டரைப் பூஜ்யமாக்கி நூறு முறை அழுத்துங்கள். 0100 வர வேண்டும். குறைந்தால், நெம்பை முழுதாக அழுத்தவில்லை அல்லது அது முழுதாக மேலே திரும்பவில்லை. 0009-இலிருந்து 0010-க்கும், 0099-இலிருந்து 0100-க்கும் மாறும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். பழைய கருவிகள் அங்கேதான் சிக்கும்: இலக்கம் பாதி ஏறி, சாளரத்தில் இரண்டு எண்களின் அரைப் பாகம் தெரியும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, நெம்பின் அடியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். அதிகம் விட்டால் சாலைப் புழுதி அதில் ஒட்டி, முன்பைவிட மோசமாகிவிடும். அப்படியும் சிக்கினால் வேறு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள்.

போர்டில் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். பேட்டரி மாற்றியபின் சில கருவிகளில் தேதியும் நேரமும் பழையபடி ஆரம்பித்துவிடும். அதைக் கவனிக்காவிட்டால் காலை எட்டு மணி நெரிசல் நள்ளிரவில் பதிவாகியிருக்கும். நினைவகத்தில் பழைய பதிவு இருந்தால் கணினிக்கு மாற்றிவிட்டு அழியுங்கள்.

நிற்கும் இடம்

பழகுவதற்குக் கிரீன் சர்க்கிள் ரவுண்டானா வேண்டாம். நெடுஞ்சாலை அணுகுசாலைகளும் காட்பாடி சாலையும் புதிய பஸ் நிலையத்து வண்டிகளும் அங்கே சுற்றிச் சேர்கின்றன. எது எங்கே திரும்பியது என்று ஒரே ஆளால் பின்தொடர முடியாது. காட்பாடி சாலையிலேயே சந்திப்புகளுக்கு நடுவில், பஸ் நிறுத்தத்தை விட்டுத் தள்ளி, நிழலுள்ள ஓரிடத்தில் ஒரு திசையை மட்டும் எண்ணிப் பழகுங்கள்.

எதிரே ஒரு விளக்குக் கம்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியின் முன்சக்கரம் அந்தக் கம்பத்தின் நேர்க்கோட்டைத் தாண்டும்போது ஒரு அழுத்து. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. போர்டு என்றால் அதிலுள்ள வடக்குக் குறி உண்மையான வடக்கைப் பார்க்கும்படி மடியில் வையுங்கள். நிழல் தேடி இடம் மாறும்போது பலகையும் உங்களோடு திரும்பிவிடும். இடமும் வலமும் கலந்துபோவது பெரும்பாலும் அப்போதுதான்.

எந்த வண்டி எந்த வகை என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் ஆம்புலன்ஸ் வரும், ஷேர் ஆட்டோ வரும். கிராமத்துச் சாலைகளில் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் வரும். கணக்கில் ஒவ்வொரு வகையையும் எத்தனை காருக்குச் சமம் என்று மாற்றுவார்கள். நகரச் சாலைகளுக்கான ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) 106 (1990) வழிகாட்டியில் கார் 1 அலகு. பஸ், லாரி 2.2 அல்லது 3.7, இருசக்கர வண்டி 0.5 அல்லது 0.75, டிரெய்லரோடு டிராக்டர் 4 அல்லது 5. மொத்தப் போக்குவரத்தில் அந்த வகையின் பங்கு 5 சதவீதமா, 10 சதவீதமும் அதற்கு மேலுமா என்பதைப் பொறுத்து மதிப்பு மாறும். பஸ்ஸுக்குப் பதில் பைக் பொத்தானை அழுத்தினால் கணக்கு எவ்வளவு சரியும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணும்போது

டேலி கவுண்டரைக் கால்மணிக்கு ஒருமுறை பூஜ்யமாக்காதீர்கள். இதை நான் மிகவும் வற்புறுத்துவேன். திருகைச் சுற்றும் நேரத்தில் நாலைந்து பைக்குகள் போய்விடும். ஓடும் எண்ணை அப்படியே தாளில் எழுதுங்கள்; கழித்தல் பிறகு.

உதாரணமாக, 8 மணிக்கு 0000, 8.15-க்கு 0310, 8.30-க்கு 0730, 8.45-க்கு 1235, 9 மணிக்கு 1600. கழித்தால் கால்மணிக் கணக்கு 310, 420, 505, 365. ஒருவேளை 8.30-க்கு எழுத மறந்துவிட்டீர்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். 8.15-இலிருந்து 8.45 வரை 925 என்பது கையில் இருக்கிறது, அரைமணிக் கணக்கு என்று குறித்தால் போதும். ஒவ்வொரு முறையும் பூஜ்யமாக்கியிருந்தால் எந்தக் கால்மணியின் எண் கருவியில் இருக்கிறது என்றே குழம்பியிருப்பீர்கள். அதற்காக 925-ஐப் பாதியாக்கி இரண்டு கட்டத்திலும் எழுதாதீர்கள். மணிக் கணக்கான 1600-ஐ, உச்சக் கால்மணியான 505-இன் நான்கு மடங்கால் வகுத்தால் வரும் 0.79-தான் நெரிசல் எவ்வளவு குவிந்தது என்று பொறியாளருக்குச் சொல்கிறது. பாதியாக்கினால் உச்சமே மறைந்துவிடும்.

9999-க்குப் பின் கருவி 0000-க்குத் திரும்பும். 9820-இல் தொடங்கி 0140-இல் முடிந்தால் 10000-ஐக் கூட்டிக் கழியுங்கள்: 320.

சிக்னல் திறந்ததும் பைக்குகள் கூட்டமாகப் பாயும். அந்த வகைக்கு மட்டும் தனி ஆள் போடுவதே நல்லது.

கருவி மக்கர் செய்தால்

மே மாத வேலூர் வெயிலில் போர்டின் திரை கறுத்துப்போகலாம். நிழலில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதுவரை தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். நாலு கோடும் குறுக்கே ஒன்றும் என்ற பழைய முறைக்கு பேட்டரி வேண்டாம். பொத்தான் ஒரு அழுத்துக்கு இரண்டாக எண்ணினால் வியர்வையோ தூசியோ உள்ளே போயிருக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, பத்து முறை அழுத்திச் சரிபாருங்கள். இலக்கங்கள் மங்கினால் பேட்டரி இறங்குகிறது: முதலில் திரையிலுள்ள எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு, பிறகு மாற்றுங்கள். செல்போன் செயலியில் எண்ணுபவர்கள் விமானப் பயன்முறையில் வைத்துக்கொண்டால் அழைப்பு வந்து குறுக்கிடாது.

சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரோடு ஐந்து நிமிடம் ஒரே திசையைத் தனித்தனியே எண்ணுங்கள். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கருவிகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு மீண்டும் ஐந்து நிமிடம். பிழை கருவியோடு போகிறதா, ஆளோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

முடிந்ததும் தாளில் இடம், திசை, தேதி, வானிலை, உங்கள் பெயர் எழுதுங்கள். நடுவில் ஊர்வலம், மழை, லாரி பழுதாகி நின்றது என்று ஏதேனும் நடந்திருந்தால் நேரத்தோடு குறியுங்கள். போர்டின் பதிவை அன்றைக்கே கணினிக்கு மாற்றி, மொத்தத்தைத் தாளோடு ஒப்பிட்ட பிறகே பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.